கட்டப்படமா, ஒளிப்படமா, கூடியமர்வதா? கைவேலையைப் பகிரும் வழிகள் குறித்து ஓர் ஒப்பீடு

கிராஸ் ஸ்டிட்ச் (கட்டத்தை எண்ணி, நூலைப் பெருக்கல்குறி போலக் குறுக்காகப் போட்டுத் தைப்பது), எம்பிராய்டரி, கம்பளிப் பின்னல் ஆகிய மூன்றும் பெரும்பாலும் ஒரே தையற்பெட்டிக்குள் கிடப்பவைதாம். ஆனால் செய்து முடித்ததை இன்னொரு கைவினைஞரிடம் கொண்டுசேர்க்க நினைக்கும்போது மூன்றும் வெவ்வேறு வழிகளைக் கேட்கின்றன. ஒளிப்படம் எடுத்து அனுப்பலாம். கட்டம் போட்ட தாளில் குறித்த கட்டப்படமோ எழுதிய செய்முறையோ கொடுக்கலாம். ஒரே துணியைப் பலர் கைமாற்றித் தைக்கலாம். பக்கத்தில் உட்கார்ந்து செய்தும் காட்டலாம். எல்லா வேலைக்கும் ஒளிப்படமே போதும் என்ற எண்ணம் இன்று பரவலாக இருக்கிறது. மூன்று வேலைகளையும் செய்து பழகியவர் எவரும் அதை ஒப்புக்கொள்ள மாட்டார் என்றே நினைக்கிறேன்.

கட்டப்படத்திலிருந்து தொடங்கலாம், ஏனெனில் கிராஸ் ஸ்டிட்சுக்கு அதைவிடப் பொருத்தமான வடிவம் வேறில்லை. துணியில் ஒரு கட்டம், தாளில் அதற்கு இணையாக ஒரு கட்டம், கட்டத்துக்குள் ஒரு குறி, குறிக்கு ஒரு நூல் எண். அந்த வேலையின் ஏறத்தாழ முழு விவரமும் இதற்குள் அடங்கிவிடுகிறது. டிஎம்சி என்ற நிறுவனத்தின் நூலில் 310 என்றால் எங்கு வாங்கினாலும் கறுப்புத்தான். ஆங்கர் என்ற இன்னொரு நிறுவனத்தின் நூல் வைத்திருப்பவர் அதற்கு ஈடாக 403 எடுத்துக்கொள்கிறார். துணி மாறினாலும் கணக்கு கெடுவதில்லை. 140 கட்டம் அகலமுள்ள ஒரு வடிவம், அங்குலத்துக்கு 14 கட்டமுள்ள ஆய்டா துணியில் (கட்டம் கட்டமாக நெய்த துணி) 10 அங்குலம் வரும். 18 கட்டமுள்ள துணியில் 8 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாகவே முடிந்துவிடும். உருவமோ இரண்டிலும் ஒன்றுதான். ஒருவரையொருவர் பார்த்தே இராத இருவர், ஒரே தாளை வைத்துக்கொண்டு, அருகருகே வைத்தால் வேறுபாடு தெரியாத இரண்டு படங்களைத் தைத்துவிட முடியும்.

இந்த வசதி புதிதன்று. ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் 1520-களிலேயே தையல் வடிவங்கள் அச்சாகிவிட்டன. அச்சு வந்த பிறகும், பிடித்த வடிவத்தைத் துணித்துண்டிலேயே தைத்துக் குறிப்பாக வைத்துக்கொள்ளும் பழக்கம் நெடுங்காலம் தொடர்ந்தது. லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் ஜேன் பாஸ்டாக் என்ற பெண்மணி 1598-இல் தைத்த மாதிரித்துணி இருக்கிறது. ஆண்டு குறிக்கப்பட்ட பிரிட்டிஷ் மாதிரித்துணிகளுள் மிகப் பழையதாக அறியப்படுவது அதுவே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லின் நகரப் பதிப்பாளர்கள், கட்டத்தாளில் கையால் வண்ணம் தீட்டிய படங்களை விற்கத் தொடங்கினார்கள். எண்ணத் தெரிந்த எவரும் செய்யலாம் என்பதால், அவற்றைப் பார்த்துக் கம்பளி நூலால் தைக்கும் தையல் காட்டுத்தீயாகப் பரவியது. பரவிய வேகத்திலேயே எங்கு பார்த்தாலும் ஒரே ரோஜாவும் ஒரே நாயும் என்ற சலிப்பும் வந்தது. அதற்கு எதிர்வினையாக எழுந்த கலைத்தையல் போக்கில்தான் 1872-இல் லண்டனில் அரச தையற்கலைப் பள்ளி தோன்றியது. கட்டப்படத்துக்கும் கைப்பயிற்சிக்கும் இடையிலான போட்டி அப்போதே தொடங்கிவிட்டது என்று சொல்லலாம்.

எம்பிராய்டரியில் அந்தப் போட்டியில் கட்டப்படம் தோற்றுவிடுகிறது. ஒரு பூவின் கோட்டுருவத்தைத் தாளில் எடுத்து, துணிக்கடியில் வைத்துப் பிரதியெடுத்துக் கொடுப்பது எளிது. ஆனால் அந்தக் கோடு இதழின் எல்லையை மட்டுமே சொல்கிறது. நீளமும் குட்டையுமாக மாறி மாறி நிரப்பும் தையலில் ஒவ்வோர் இழையும் எந்தத் திசையில் சாய வேண்டும், ஆறு இழை நூலில் எத்தனையைப் பிரித்தெடுக்க வேண்டும், அடர்நிறம் எந்த இடத்தில் வெளிர்நிறத்துக்குள் நுழைய வேண்டும் என்பனவெல்லாம் தாளில் ஏறுவதில்லை. அம்புக்குறி போட்டுக் காட்டலாம், எண் எழுதலாம், இருந்தும் ஒரே கோட்டுருவத்தை ஐந்து பேரிடம் கொடுத்தால் ஐந்து வெவ்வேறு பூக்கள்தாம் திரும்பி வரும். இது குறையென்று நான் கருதவில்லை. அதே அரச தையற்கலைப் பள்ளி 2021-இல் தொடங்கிய தையல் வங்கி, ஒரே ஒரு தையலை விளக்குவதற்கே எழுத்து, வரைபடம், காணொளி ஆகியவற்றைச் சேர்த்து வைக்கிறது என்பதைப் பார்க்கும்போது, முழு வேலையொன்றை ஒற்றைத் தாளில் அடக்கிவிடலாம் என்று எதிர்பார்ப்பது வீண் என்று தோன்றுகிறது.

பின்னலின் நிலை இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது, அதனாலேயே ஏமாற்றக்கூடியது. வரிசை வரிசையாக எழுதிய செய்முறை பார்ப்பதற்குக் கிராஸ் ஸ்டிட்ச் கட்டப்படம் போலவே துல்லியமாகத் தெரிகிறது. ஆனால் ஆய்டா துணியில் கட்டத்தின் அளவைத் துணியே தீர்மானிக்கிறது; பின்னலில் கண்ணியின், அதாவது ஊசியில் விழும் ஒவ்வொரு நூல் வளையத்தின், அளவைப் பின்னுகிறவரின் கை தீர்மானிக்கிறது. செய்முறை 10 சென்டிமீட்டருக்கு 20 கண்ணி என்று சொல்ல, சற்று இறுக்கமாகப் பின்னுகிற ஒருவருக்கு அதே நீளத்தில் 22 கண்ணி விழுந்தால், 200 கண்ணிகளில் 100 சென்டிமீட்டர் வரவேண்டிய சுற்றளவு 91 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடும். அணிவதற்கான மேல்சட்டையில் இந்த 9 சென்டிமீட்டர் போனால் அது வேறொருவருக்குத்தான் பொருந்தும். ஆகவே செய்முறையைப் பகிர்கிறவர் அளவு பார்ப்பதற்காக முதலில் பின்னும் தம் மாதிரிச் சதுரத்தின் கண்ணிக் கணக்கையும் வரிசைக் கணக்கையும், சதுரத்தை நனைத்துக் காயவைத்த பின் அளந்தாரா என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். ஊசியின் அளவை எண்ணால் குறிப்பிடுவதும் ஆபத்து: அமெரிக்க முறையில் 8 என்பது 5 மில்லிமீட்டர் ஊசி, பழைய பிரிட்டிஷ் முறையில் அதே 8 என்பது 4 மில்லிமீட்டர் ஊசி. மில்லிமீட்டரில் எழுதிவிட்டால் குழப்பமில்லை. எழுத்துக்குப் பதிலாகக் குறியீட்டு வரைபடம் கொடுப்பது இன்னும் நல்லது; ஜப்பானியச் செய்முறைகளின் குறியீடுகள் தரப்படுத்தப்பட்டவை என்பதால், அந்த மொழியில் ஓர் எழுத்தும் தெரியாதவர்கள்கூட அவற்றைப் பார்த்துப் பின்னுகிறார்கள்.

இனி ஒளிப்படம். அது எளிது, உடனே போய்ச்சேரும், பாராட்டையும் உடனே கொண்டுவரும். அது எதைச் சொல்கிறது, எதை மறைக்கிறது என்பதைப் பொறுத்தே அதற்கு மதிப்பிட வேண்டும். கிராஸ் ஸ்டிட்ச்சை நேர் எதிரே நின்று, கேமரா துணிக்கு இணையாக இருக்கும்படி எடுத்தால் ஒளிப்படமே கிட்டத்தட்டக் கட்டப்படமாகிவிடும். பொறுமையுள்ளவர் அதைப் பார்த்து எண்ணி எண்ணியே தைத்துவிடலாம், நெருங்கிய நிறங்களும், ஒரு கால் மட்டும் போட்ட அரைத்தையல்களும் மட்டும்தான் அவரைத் தடுமாறச் செய்யும். இதில் ஒரு நியாயப் பிரச்சினையும் இருக்கிறது. விலைகொடுத்து வாங்கிய கட்டப்படத்தைப் பிரதியெடுத்துக் கொடுப்பது தவறென்று பெரும்பாலோர் அறிவார்கள். அதே வடிவத்தைக் கட்டம் எண்ணும் அளவுக்கு நெருக்கமாகப் படமெடுத்து அனுப்புவது ஏறத்தாழ அதே காரியம் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. வாங்கிய வடிவமென்றால் சற்றுத் தள்ளி நின்று எடுப்பதும், வடிவமைத்தவரின் பெயரைச் சொல்வதும் முறை.

எம்பிராய்டரிக்கோ நேரான வெளிச்சமே எதிரி. இழைகளை நெருக்கமாக அடுக்கி நிரப்பும் சாட்டின் தையலின் பளபளப்பும், நூலை ஊசியில் சுற்றிப் போடும் பிரெஞ்சு முடிச்சுகளின் மேடும், சன்னலோரத்தில் பக்கவாட்டாக விழும் ஒளியில்தான் எழுந்து நிற்கும். மேலிருந்து விளக்கடித்தால் எல்லாம் தட்டையாகி அச்சிட்ட துணி போலத் தோன்றும். வெள்ளைத் துணியைக் கேமரா சாம்பல் நிறமாக்கிவிடுவதும், கருஞ்சிவப்பு நூல்கள் ஒன்றாகக் கலங்கிப்போவதும் வழக்கமான தொல்லைகள். ஆகவே எம்பிராய்டரியைப் படமாகப் பகிர்கிறவர் ஒரு படத்தோடு நிறுத்திக்கொள்ளாமல், பாதி நிரப்பிய நிலையில் ஒன்றும் துணியின் பின்புறத்தில் ஒன்றும் எடுத்துச் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து. முடித்த வேலை எதுவும் சொல்லாத இடத்தில், நூல் எங்கிருந்து எங்கே தாவியது என்பதைப் பின்புறம் சொல்லிவிடும். பின்புறத்தைக் காட்டக் கூச்சப்படுகிற வழக்கம் கைவினைஞர்களிடையே வலுவாக இருக்கிறது. கற்றுக்கொள்ள விரும்புகிறவருக்கு அதனால் இழப்புத்தான். பின்னலுக்கு ஒளிப்படம் செய்யக்கூடியது மிகக் குறைவு: மடித்து வைத்த சட்டையைவிட ஒருவர் அணிந்து நிற்கும் சட்டை கூடுதலாகச் சொல்லும், அவ்வளவுதான்.

ஒரே துணியைக் கைமாற்றி ஆளுக்கொரு பகுதியாகத் தைப்பது, பகிர்தலில் மிகவும் உற்சாகமானதும் மிகவும் சிக்கலானதுமான வழி. பதினோராம் நூற்றாண்டைச் சேர்ந்த பேயூ திரைச்சீலை, பெயர் திரைச்சீலையாக இருந்தாலும், லினன் துணியில் கம்பளி நூலால் செய்த எம்பிராய்டரிதான். ஏறத்தாழ 70 மீட்டர் நீளமுள்ள அதை ஒன்பது துண்டுகளாகத் தைத்து இணைத்திருக்கிறார்கள். முதல் இணைப்பில் மேற்கரையும் கீழ்க்கரையும் சரியாகப் பொருந்தவில்லை; அடுத்தடுத்த இணைப்புகளிலோ கண்டுபிடிப்பதே கடினம் என்னும் அளவுக்குத் தேர்ச்சி தெரிகிறது. கூட்டு வேலையின் இடர் முழுவதும் அந்த முதல் இணைப்பில் இருக்கிறது. கிராஸ் ஸ்டிட்ச்சில் கூட்டு வேலை தொடங்கும்முன் ஒரே ஒரு விஷயத்தை எல்லாரும் ஒப்புக்கொள்ள வேண்டும்: குறுக்காக விழும் இரண்டு கால்களில் மேற்கால் எந்தப் பக்கம் சாய்வது என்பதே அது. ஒருவர் மட்டும் மாற்றிப் போட்டால் அவருடைய பகுதியில் ஒளி வேறுவிதமாகப் பட்டு, ஒட்டுப்போட்டது போல் தனித்துத் தெரியும். எம்பிராய்டரிக்கு இந்தக் கவலை குறைவு. கைக்குக் கை மாறும் வேறுபாடே அங்கு அழகாகிவிடும். கூட்டுத் துணிக்கு மூன்றிலும் சிறந்தது அதுவே என்று தயங்காமல் சொல்வேன்.

பின்னலில் ஒரே துண்டைக் கைமாற்றுவது பெரும்பாலும் சரிவராது. ஆளுக்கொரு சதுரம் பின்னிப் போர்வையாகச் சேர்ப்பதே வழக்கம். அங்கும் கண்ணிக் கணக்கு தலைகாட்டும். ஆளுக்கு 40 கண்ணி என்று முடிவுசெய்தால் ஒருவருடைய சதுரம் மற்றவருடையதைவிட இரண்டு விரற்கடை பெரிதாக வந்துசேரும். இதற்கு அனுபவசாலிகள் கையாளும் நேர்த்தியான தீர்வு, மூலையிலிருந்து மூலைக்குப் பின்னுவதுதான். இரண்டு மூன்று கண்ணியில் தொடங்கி, வரிசைதோறும் ஒன்றாகக் கூட்டிக்கொண்டே போய், பக்கம் 20 சென்டிமீட்டரை எட்டியதும் அதே கணக்கில் குறைத்துக்கொண்டு வந்தால், யார் எவ்வளவு இறுக்கமாகப் பின்னினாலும் சதுரம் 20 சென்டிமீட்டரில்தான் நிற்கும். அளவுகோல் எண்ணிக்கையின் வேலையைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்கிறது.

பக்கத்தில் உட்கார்ந்து செய்துகாட்டுவதைப் பழைய பாணி என்று ஒதுக்குகிறவர்கள், பின்னலில் திருகிய கண்ணிகளைக் கண்டதில்லை போலும். தலைகீழ்க் கண்ணி (பர்ல்) போடும்போது நூலை எதிர்ப்பக்கமாகச் சுற்றுகிற பழக்கம் ஒருவருக்கு இருந்தால், அடுத்த வரிசையில் அவருடைய கண்ணிகள் ஊசியில் மாறி அமர்ந்திருக்கும். அவற்றை வழக்கம்போல் முன்பக்கமாக எடுத்துப் பின்னினால் எல்லாம் முறுக்கிக்கொள்ளும். ஒளிப்படத்தில் முறுக்கு தெரியும், காரணம் தெரியாது. எழுதிய செய்முறையோ எதையும் தவறென்று சொல்லாது, ஏனெனில் அவர் அதில் உள்ளபடிதான் செய்திருக்கிறார். அருகில் உட்கார்ந்திருப்பவர் அரை நிமிடம் கையைப் பார்த்தால் போதும். எம்பிராய்டரியில் முடிச்சு ஏன் துணிக்குப் பின்னால் நழுவிப்போகிறது என்பதற்கும் இதே விடைதான். வலக்கை ஊசியைக் குத்துகிறது, சிக்கல் நூலை இழுத்துப் பிடிக்காத இடக்கையில் இருக்கிறது. இடக்கைப் பழக்கமுள்ளவர் வலக்கைப் பழக்கமுள்ளவரிடம் கற்கும்போது பக்கத்தில் உட்காராமல் எதிரே உட்கார வேண்டும். அப்போது எதிரில் தெரியும் கை கண்ணாடியில் தெரிவது போலவே அமையும். காணொளியை இடவலம் புரட்டிப் பார்த்தாலும் இந்தப் பயன் கிடைக்கும், ஆனால் காணொளி கேள்விக்கு நின்று பதில் சொல்லாது. கிராஸ் ஸ்டிட்ச்சுக்கு இந்த வழி அவ்வளவாகத் தேவையில்லை. அங்கே கூடியமர்வது பேச்சுத்துணைக்காக.

முடித்த பொருளையே இன்னொரு கைவினைஞருக்குக் கொடுத்துவிடுவதைப் பலர் பரிசு என்று மட்டும் எண்ணுகிறார்கள். பின்னல் தெரிந்தவருக்குப் பின்னிய சட்டை ஒரு முழு ஆவணம். உட்புறத்தைத் திருப்பி, தோள்பட்டை இணைந்த விதத்தைப் பார்த்து, கண்ணிகளை எண்ணி, எந்தச் செய்முறையும் இல்லாமலே அதைத் திரும்பச் செய்துவிடுவார். எம்பிராய்டரித் துணியும் அப்படியே. கொடுக்கிறவர் மிஞ்சிய நூலையும், நூற்கண்டில் சுற்றியிருந்த, சாயத்தொகுதி எண் (ஒரே தடவையில் சாயமிட்ட நூல்களைக் குறிக்கும் எண்) அச்சிட்ட தாளையும் உடன் வைத்துக் கொடுத்தால், கிழிசல் விழும் நாளில் பெற்றவர் அதே நிறத்திலேயே ஒட்டிப் பின்னிக்கொள்ள முடியும்.