மாதம் 8.99 பவுண்டுக்கு வாங்கிய படபடப்பு: பிரிட்டன் விசா அப்டேட் சேவை, ஒரு வருடம் கழித்து

முதலிலேயே மார்க்கைச் சொல்லிவிடுகிறேன், ஐந்துக்கு ஒன்றரை. அந்த அரையும், ரெடிங்கில் நல்ல தோசை மாவு எந்தக் கடையில் கிடைக்கும் என்று அந்தச் சேவையின் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு அக்கா சொன்னதற்காக.

சேவையின் பெயரைக் கேட்காதீர்கள், சொல்லப் போவதில்லை. இதே மாதிரி நிறைய இருக்கின்றன, ஒன்றை மட்டும் பிடித்துத் திட்டி என்ன ஆகப் போகிறது. ஒரு ஆப், ஒரு வாட்ஸ்அப் குரூப், மாதம் 8.99 பவுண்டு, இவ்வளவுதான் சரக்கு. பிரிட்டனில் விசா விதி எது மாறினாலும் முதல் நிமிடமே உங்கள் போனுக்கு வந்துவிடும் என்று விளம்பரம். 2024 நவம்பரில் சேர்ந்து சரியாகப் பன்னிரண்டு மாதம் கட்டினேன், ஆக மொத்தம் 107 பவுண்டு 88 பென்ஸ். இதை ரூபாயில் மாற்றிப் பார்க்கக் கூடாது என்று எனக்கு நானே ஒரு சட்டம் வைத்திருக்கிறேன்.

ஏன் சேர்ந்தாய் என்று கேட்பவர்கள் இந்த ஊரில் விசாவில் இருந்து பார்க்காதவர்கள். நான் 2022இல் ஸ்கில்டு ஒர்க்கர் விசாவில், அதாவது நிறுவனம் ஸ்பான்சர் செய்யும் வேலை விசாவில் வந்தவன், மனைவி டிபென்டன்ட். 2024இன் முதல் நாலு மாதத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரி 1 முதல் படிப்பைத் தொடங்கும் மாணவர்களில் பெரும்பாலோர் குடும்பத்தை அழைத்து வர முடியாது. பிப்ரவரி 6 முதல் விசாவோடு சேர்த்துக் கட்டும் சுகாதாரக் கட்டணம் ஆளுக்கு வருடத்துக்கு 624 பவுண்டிலிருந்து 1,035. மார்ச் 11 முதல் கேர் ஒர்க்கர்கள் புதிதாகக் குடும்பத்தைக் கூட்டி வர முடியாது. ஏப்ரல் 4 முதல் ஸ்கில்டு ஒர்க்கருக்கான பொதுவான குறைந்தபட்ச ஆண்டுச் சம்பள வரம்பு 26,200இலிருந்து 38,700. ஒரு வாரம் கழித்து, ஏப்ரல் 11இல், குடும்ப விசாவுக்கான வருமான வரம்பு 18,600இலிருந்து 29,000. ஆபீசில் டீ குடிக்கப் போனால் ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள், எது உண்மை எது வதந்தி என்று பிரிக்கவே தனி ஆள் வேண்டும். அந்தத் தனி ஆளுக்குத்தான் மாதம் 8.99 கொடுக்கிறோம் என்று நினைத்துக்கொண்டேன்.

வேகத்தில் குறை சொல்ல முடியாது. உள்துறை அமைச்சர் வாயைத் திறப்பதற்குள் இவர்களிடமிருந்து மெசேஜ் வந்துவிடும். ஆனால் எல்லாம் ஒரே சிவப்பு விளக்கு, ஒரே சத்தம். யாரோ ஒரு எம்பி டிவியில் ஒரு வார்த்தை சொன்னாலும் அதே சிவப்பு, அரசு ஒரு திட்டத்தை அறிவித்தாலும் அதே சிவப்பு, விதி நிஜமாகவே மாறினாலும் அதே சிவப்பு. இந்த மூன்றுக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் நம் வாழ்க்கையே இருக்கிறது, அதை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

2025 மே 12 திங்கட்கிழமை வந்தது: "ஐஎல்ஆர் இனி பத்து வருடம்!!!" ஐஎல்ஆர் என்றால் நிரந்தரமாகத் தங்குகிற அனுமதி, அதற்கு எனக்கு ஐந்து வருடக் கணக்கு, 2027இல் முடிய வேண்டியது. மனைவி வேலையிலிருந்து போன் செய்து, வீடு வாங்கும் பேச்சை விட்டுவிடலாமா என்று கேட்டாள். அன்று வெளியானது ஒரு வெள்ளை அறிக்கை, அதாவது இப்படிச் செய்ய நினைக்கிறோம் என்று அரசு எழுதி வைப்பது. அதைப் பற்றி முறையாகக் கருத்துக் கேட்க ஆரம்பித்ததே நவம்பர் 20இல்தான், கடைசித் தேதி 2026 பிப்ரவரி 12. கவலைப்பட வேண்டிய விஷயம்தான், நானும் படுகிறேன். ஆனால் அந்தத் திங்கட்கிழமை "இனி" என்று எழுதியது பொய்.

அடுத்தது இன்னும் மோசம், காசும் போனது. 2025 ஜூலை 1 மெசேஜ்: "41,700 சம்பளம் இல்லையென்றால் எக்ஸ்டென்ஷன் கிடையாது." என் விசா செப்டம்பரில் முடிகிறது, சம்பளமோ 40 ஆயிரத்தைத் தொடவில்லை. கீழேயே ஒரு பட்டன், பிரீமியம் ஆலோசனை, 149 பவுண்டு. அழுத்தினேன். அழுத்தாமல் என்ன செய்வேன்? இரண்டு பேருக்கு மூன்று வருட எக்ஸ்டென்ஷன் என்றால் சுகாதாரக் கட்டணம் மட்டும் 6,210, விண்ணப்பக் கட்டணம் அப்போது ஆளுக்கு 885, எல்லாம் சேர்த்து 7,980 பவுண்டு, அதில் பெரும்பகுதி கிரெடிட் கார்டில். அதைக் கட்டி நிராகரித்துவிட்டால் என்ன ஆகும் என்று யோசிக்கும் ஆளிடம் 149 பவுண்டு பெரிதாகத் தெரியாது, அது அவர்களுக்கும் நன்றாகத் தெரியும். இருபது நிமிடப் பேச்சில் எனக்குக் கிடைத்த ஆலோசனை, மேனேஜரிடம் சம்பளத்தை ஏற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள் என்பது. இதைச் சொல்ல என் மாமனாரே போதும், அவர் இலவசம்.

என்னைக் காப்பாற்றியவர் ஹாரோவில் இருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர், என் கூட வேலை பார்த்தவர், இருபது வருடத்துக்கு மேல் இந்த நாட்டு உள்துறைக் கடிதங்களைப் படித்துப் பழகிய மனிதர். "தம்பி, உந்தக் குரூப்பை விடும், கவ்மென்ட் சைட்டில எப்ப இருந்து எண்டு போட்டிருக்கும், அதைப் பாரும்" என்றார். சரி என்று முதல் தடவையாகப் பிரிட்டன் அரசின் கவ் டாட் யூகே தளத்துக்குப் போய் மூல ஆவணத்தைத் திறந்தேன்.

அப்போதுதான் ஒரு விஷயம் உறைத்தது. விசா விதியை மாற்ற வேண்டுமென்றால் உள்துறை 'விதி மாற்ற அறிக்கை' ஒன்றை நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும், பொதுவாக அது நடைமுறைக்கு வருவதற்கு 21 நாளாவது முன்னால் வைப்பது மரபு. 2024 மார்ச் 14இல் வைத்தது ஏப்ரல் 4இல் அமலுக்கு வந்தது, எண்ணிப் பாருங்கள், சரியாக 21. 2025 ஜூலை 1இல் வைத்தது ஜூலை 22இல் வந்தது, மறுபடியும் 21. அதாவது பெரும்பாலான மாற்றங்களுக்கு உங்கள் கையில் மூன்று வாரம் இருக்கிறது, முதல் நிமிடத்தில் தெரிந்து நீங்கள் கிழிக்கப் போவது ஒன்றுமில்லை. விதிவிலக்கு உண்டு. 2024 செப்டம்பரில் ஜோர்டான்காரர்களுக்கும் நவம்பரில் கொலம்பியாக்காரர்களுக்கும் விசிட்டர் விசா கட்டாயம் என்று அறிவித்த அன்றே மதியம் 3 மணிக்கு அமல்படுத்திவிட்டார்கள். நமக்கு அந்தக் கவலை இல்லை, இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு ஏற்கெனவே விசா வேண்டும்.

அந்த அறிக்கையைப் படிப்பது கொடுமை, அதையும் சொல்லிவிடுகிறேன். இந்தப் பத்தியில் இந்த எண்ணுக்குப் பதிலாக அந்த எண் என்று பக்கம் பக்கமாகப் போகும், கணக்குப்பிள்ளை எழுதிய கவிதை மாதிரி. அதோடு விளக்கக் குறிப்பு ஒன்று வரும், அதை முதலில் படிக்க வேண்டும். அப்புறம் நேராக அமலாக்கத் தேதிகள் இருக்கும் பகுதிக்குப் போக வேண்டும், யாருக்குப் பழைய விதி, யாருக்குப் புதிய விதி என்று அங்கேதான் இருக்கும். 41,700 புதிதாக வருபவர்களுக்கு. 2024 ஏப்ரல் 4க்கு முன்பே ஸ்பான்சர் சான்றிதழ் வாங்கி, இடைவெளி இல்லாமல் இதே விசாவில் தொடர்கிறவர்களுக்கு வரம்பு 31,300, கூடவே அவரவர் வேலைக் குறியீட்டுக்கு உரிய சம்பளத்தையும் தொட வேண்டும், எது அதிகமோ அது. நான் 2022 ஆள். இந்த ஒரு வரி அந்த 149 பவுண்டுக்குள் வந்திருக்க வேண்டும், வரவில்லை.

இருந்தாலும் 7,980 பவுண்டு விஷயத்தில் என் இங்கிலீஷை மட்டும் நம்ப மனசு வரவில்லை, ஒரு சொலிசிட்டரிடம் 120 பவுண்டு கொடுத்து உறுதிப்படுத்திக்கொண்டேன். ஐந்தே நிமிடத்தில் சொல்லிவிட்டார், மீதி நேரம் என் வேலைக் குறியீட்டையும் பே ஸ்லிப்பையும் வைத்துக்கொண்டு கேள்வி கேட்டார். இந்த 120 மட்டும் எனக்கு வலிக்கவே இல்லை. இந்த நாட்டில் காசு வாங்கிக்கொண்டு குடிவரவு ஆலோசனை சொல்ல வேண்டுமென்றால் சொலிசிட்டர் போன்ற தகுதி வேண்டும், இல்லையென்றால் பதிவு வேண்டும், எதுவும் இல்லாமல் சொல்வது 1999ஆம் வருடச் சட்டப்படி குற்றம். பதிவைக் கவனிக்கும் அமைப்பைப் பழைய ஆட்கள் ஓஐஎஸ்சி என்பார்கள், 2025 ஜனவரியிலிருந்து அதன் பெயர் இமிக்ரேஷன் அட்வைஸ் அத்தாரிட்டி. பதிவேடு இணையத்திலேயே இருக்கிறது, தேடிப் பார்க்கலாம். நான் 149 பவுண்டு கொடுத்தவரைத் தேடிப் பார்த்தேன். காணோம். காசு கொடுப்பதற்கு முன் தேடியிருக்க வேண்டியது, என் தப்புதான்.

இன்னொரு சம்பவம், இது இதற்கும் முன்னால், 2025 பிப்ரவரியில். இங்கே தங்கும் அனுமதிக்குச் சான்றாகப் பிளாஸ்டிக் அட்டையாக இருந்த பிஆர்பி போய் எல்லாம் இணையத்திலேயே இருக்கும் இ-விசா ஆனது ஞாபகம் இருக்கும், பெரும்பாலான அட்டைகளில் விசா எப்போது முடிந்தாலும் 2024 டிசம்பர் 31 என்று காலாவதித் தேதி அச்சடித்திருந்தார்கள். நம் சேவை ஜனவரியில் அனுப்பிய மெசேஜ்: "பிஆர்பி செல்லாது, இனி வைத்திருக்கத் தேவையில்லை." நான் அதைக் குப்பையில் போடப் போனேன், மனைவி பிடுங்கிப் பர்ஸில் வைத்துக்கொண்டாள் (எதையும் தூக்கிப் போடாத பரம்பரை, பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் உட்பட). பிப்ரவரியில் மதுரையில் தங்கை கல்யாணம் முடிந்து திரும்பும்போது சென்னை ஏர்போர்ட் கவுண்டரில், "சார், உங்க விசா சிஸ்டத்துல வரல." ஜனவரியில் நான் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்திருந்தேன், புது எண்ணை, இ-விசா இருக்கும் யுகேவிஐ என்ற அரசு இணைய அக்கவுண்டில் சேர்க்கவே இல்லை. இ-விசா பழைய பாஸ்போர்ட்டைக் கட்டிக்கொண்டு நிற்கிறது, நான் புதியதோடு நிற்கிறேன், பின்னால் நாற்பது பேர் டிராலியோடு நிற்கிறார்கள். காப்பாற்றியது காலாவதியான அந்த அட்டை. டிசம்பர் 31இல் முடிந்த பிஆர்பியை விமானத்தில் ஏறும்போது மார்ச் 31 வரை காட்டலாம் என்று அரசு சலுகை கொடுத்திருந்தது, பின்னால் அதையே ஜூன் 1 வரை நீட்டினார்கள். இதுவும் அந்தத் தளத்தில் எழுத்தில் இருந்தது. எனக்கு வந்த சிவப்பு விளக்குகளில் ஒன்றுகூட இதைச் சொல்லவில்லை. பாஸ்போர்ட் மாற்றினால் அக்கவுண்டில் மாற்று என்றும் யாரும் சொல்லவில்லை, நம்மவர்களுக்கு அன்றாடம் வரும் சிக்கல் அது.

இப்போது என்ன செய்கிறேன்? கவ் டாட் யூகேயில் விசா விதிகள் இருக்கும் பக்கத்திலும், விதி மாற்ற அறிக்கைகளைத் தொகுத்து வைத்திருக்கும் பக்கத்திலும், மெயிலில் அப்டேட் வாங்கும் வசதி இருக்கிறது. காசு கிடையாது. உடனுக்குடன், நாளுக்கு ஒன்று, வாரத்துக்கு ஒன்று என்று மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம், நான் வாரம் ஒன்று. 21 நாள் கணக்கு தெரிந்த பிறகு வாரம் ஒன்று தாராளம். குறை என்றால் முக்கால்வாசி மெயில் நமக்கு வேண்டாதது, எந்த மெயிலும் "இது உன்னைப் பற்றியது" என்று சொல்லாது, நாமேதான் பொறுக்க வேண்டும். இதற்கு ஐந்துக்கு நாலு. பெரிய மாற்றம் வந்தால் கூடவே காமன்ஸ் சபை நூலகம் எம்பிக்களுக்காகப் போடும் விளக்கக் கட்டுரையைத் தேடிப் படிக்கிறேன். அதுவும் இலவசம், அதில்தான் பின்னணி, யாருக்குப் பொருந்தும், எது இன்னும் முடிவாகவில்லை என்று மனிதர்கள் படிக்கிற மொழியில் இருக்கிறது. அதற்கு நாலரை.

உதாரணத்துக்கு, 2026 ஜனவரி 8 முதல் ஸ்கில்டு ஒர்க்கருக்கு ஆங்கிலத் தேர்ச்சி பி1 நிலையிலிருந்து அதற்கு மேலான பி2 ஆகிறது என்று 2025 அக்டோபர் 14இல் அறிக்கை வைத்தார்கள். அது செவ்வாய், எனக்கு மெயில் வந்தது அந்த வாரக் கடைசியில், விளக்கக் குறிப்பைப் படித்தேன், புதிதாக விண்ணப்பிப்பவர்களுக்கு, ஏற்கெனவே இந்த விசாவில் இருந்து நீட்டிப்பவர்களுக்கு இல்லை. ஐந்து நிமிட வேலை. குரூப்பில் அதே வாரம் மூன்று நாள் ஒப்பாரி, பாதிப் பேர் பரீட்சைக்குத் தேதி தேட ஆரம்பித்துவிட்டார்கள், அட்மின் ஒரு கோச்சிங் சென்டர் லிங்க் போட்டார்.

எக்ஸ்டென்ஷன் என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். செப்டம்பரிலேயே வந்துவிட்டது, இருவருக்கும்.

சந்தாவை நிறுத்தியதுதான் பெரிய கதை. சேர்வதற்கு ஒரு பட்டன், விலக ஆப்பில் எங்கேயும் பட்டன் இல்லை, மூன்று மெயில் போட்டும் பதில் இல்லை, கடைசியில் வங்கி ஆப்பில் போய் நானே நிறுத்தினேன். சேர நினைப்பவர்கள் இதையும் கணக்கில் வையுங்கள். குரூப்பிலிருந்து மட்டும் இன்னும் என்னை எடுக்கவில்லை. மனைவி விலகாதே என்கிறாள், அந்த மாவுக் கடைக்காரர் இட்லிப் பொடியும் போட ஆரம்பித்திருக்கிறாராம்.