2023 சீசன்: மெட்ஸ் நிர்வாகமா, பாட்ரேஸ் நிர்வாகமா, யார் மேல் தவறு அதிகம்?

2023 அமெரிக்க பேஸ்பால் சீசன் முடிந்தபோது நியூயார்க்கிலும் சான் டியேகோவிலும் ரசிகர்கள் கொதித்துப் போயிருந்தார்கள். நியூயார்க் மெட்ஸ் 75 வெற்றி, 87 தோல்வி. சான் டியேகோ பாட்ரேஸ் 82 வெற்றி, 80 தோல்வி. இரண்டுமே பணத்தைத் தண்ணீராய்ச் செலவழித்த அணிகள்; இரண்டுக்குமே சீசன் முடிவில் கோப்பைக்காக நடக்கும் பிளே ஆஃப் சுற்றில் இடம் கிடைக்கவில்லை. ஆட்டக்காரர்களைச் சேர்த்து அணியைக் கட்டும் பொது மேலாளர்கள், மெட்ஸின் பில்லி எப்ளர், பாட்ரேஸின் ஏ.ஜே. பிரெல்லர் இருவருக்கும் ஒரே மாதிரி திட்டு விழுந்தது. அது நியாயமில்லை என்பது என் கட்சி.

முதலில் மெட்ஸ். முதலாளி ஸ்டீவ் கோஹன் அதுவரை எந்த பேஸ்பால் அணியும் தராத அளவுக்குச் சம்பளம் கொடுத்தார். அதில் ஒரு பெரிய பங்கு இரண்டு பிட்சர்களுக்கு (பந்து வீசுபவர்களுக்கு): 38 வயது மேக்ஸ் ஷெர்சர், 40 வயது ஜஸ்டின் வெர்லாண்டர். ஆளுக்கு ஆண்டுக்கு 4.3 கோடி டாலர். சீசன் தொடங்கும் நாளிலேயே வெர்லாண்டர் காயத்தோடு உட்கார்ந்துவிட்டார். நாற்பது வயதுக் கை எப்போது வலிக்கும் என்று தெரியாதுதான். வலிக்கும் என்பது தெரியும். இதை எப்ளர் கணக்கில்தான் எழுத வேண்டும்.

மெட்ஸின் இன்னொரு பிட்சர் எட்வின் டியாஸ் விஷயம் வேறு. மார்ச்சில் மயாமியில் நடந்த, நாடுகள் மோதும் உலக பேஸ்பால் கிளாசிக்கில் அவர் ஆடிய போர்ட்டோ ரிக்கோ ஜெயித்ததும், தோழர்களோடு வட்டமாகக் கட்டிக்கொண்டு குதித்தவர் அப்படியே சரிந்தார். முழங்கால் தசைநார் கிழிந்துவிட்டது. சக்கர நாற்காலியில் அவரை அழைத்துப்போனபோது தம்பி அலெக்ஸிஸ் அழுதுகொண்டிருந்தார். ஆட்டத்தை முடித்துத் தரும் பிட்சர் முழு சீசனுக்கும் போனார். இதற்கு எந்த நிர்வாகமும் பொறுப்பாக முடியாது.

பாட்ரேஸ் கதை விசித்திரமானது. அந்த அணி எதிராளிகளைவிட 104 ரன் அதிகம் எடுத்தது. அப்படி ஆடும் அணி வழக்கமாக 90 வெற்றிக்கு மேல் பெறும். ஆனால் ஒரு ரன் வித்தியாசத்தில் முடிந்த ஆட்டங்களில் 9 வெற்றி, 23 தோல்வி. சமநிலையால் நீண்ட எக்ஸ்ட்ரா இன்னிங்ஸ் ஆட்டங்களில் 2 வெற்றி, 12 தோல்வி. கடைசி பிளே ஆஃப் இடத்துக்கு 84 வெற்றி போதுமாக இருந்தது. இரண்டே இரண்டு ஆட்டம்! கைவிட்டது அதிர்ஷ்டம்தான்; பிரெல்லர் கட்டியது நல்ல அணி என்று நான் அடித்துச் சொல்வேன்.

சீசன் கைவிட்டுப் போகும்போது என்ன செய்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். இங்கே எப்ளரைப் பாராட்டுகிறேன். கோடை முடிவதற்குள் ஷெர்சரை டெக்சஸ் அணிக்கும் வெர்லாண்டரை ஹூஸ்டன் அணிக்கும் மாற்றி அனுப்பினார். மீதிச் சம்பளத்தில் பெரும்பகுதியை மெட்ஸே ஏற்று, பதிலுக்கு லூயிஸாங்ஹெல் அகுன்யா, ட்ரூ கில்பர்ட் போன்ற இளைஞர்களை வாங்கியது. தவறை ஒப்புக்கொள்ளத் துணிச்சல் வேண்டும். அப்புறம் சீசன் முடிந்ததும் அவரே விலகினார்.

பிரெல்லர் அந்தச் சமயத்தில் தன் நட்சத்திரங்களை விற்கவில்லை. டிசம்பரில்தான் நட்சத்திர மட்டையாளர் ஹுவான் சோட்டோவை நியூயார்க் யாங்கீஸ் அணிக்குக் கொடுத்து பிட்சர் மைக்கேல் கிங் உள்ளிட்டவர்களை வாங்கினார். அப்படி வந்த ஒருவரையே மறுபடி மாற்றிக் கொடுத்து டிலன் சீஸ் என்ற பிட்சரைப் பிடித்தார். 2024இல் பாட்ரேஸ் 93 வெற்றி. ஜூலையில் வாஷிங்டனில் சீஸ் எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் ஆட்டத்தை முடித்தார்; பிட்சருக்கு அது அபூர்வ சாதனை.

சரி, பிரெல்லர் மேல் எனக்குக் கோபமே இல்லையா? உண்டு. பாட்ரேஸ் ஆட்டக்காரர் ஸாண்டர் போகார்ட்ஸுக்கு 30 வயதில் 11 ஆண்டு, 28 கோடி டாலர் ஒப்பந்தம். அது 2023 தோல்விக்குக் காரணமில்லை. ஆனால் அந்த ஒப்பந்தம் முடியும் 2033இல் அவருக்கு 41 வயது ஆகியிருக்கும்.