ஆர்டி 350 காலையில் உதைத்ததும் பிடிக்க: சி.பி. பாயிண்டா, சிடிஐ-யா?

ராத்திரி முழுக்க நின்று குளிர்ந்த ராஜ்தூத் 350-ஐ (ஆர்டி 350 என்று நாம் கூப்பிடுவது) உதைத்து உதைத்துக் கால் சோர்ந்துபோகிறது. அல்லது ஒரு சிலிண்டர் மட்டும் பிடித்து இன்னொன்று எழுந்திருக்க மறுக்கிறது. இதைச் சொன்னதும் கிடைக்கும் முதல் யோசனை, "பாயிண்டைத் தூக்கிப் போட்டுட்டு சிடிஐ மாட்டிடுங்க" என்பதுதான். பாயிண்ட் (சி.பி., அதாவது கான்டாக்ட் பிரேக்கர்) என்பது எஞ்சினோடு சுழலும் கேம் என்ற மேடு தள்ளித் திறக்கும் சின்ன ஸ்விட்ச்; அது திறக்கும்போதுதான் பிளக்கில் பொறி வரும். சிடிஐ அதே வேலையை எலக்ட்ரானிக்ஸால் செய்யும் பெட்டி. எஸ்கார்ட்ஸ் 1983-இல் கொண்டுவந்த இந்த 347 சிசி டூ-ஸ்ட்ரோக் வண்டிக்கு அது எப்போதும் சரியான வைத்தியம் இல்லை. நான் பாயிண்டிலேயே தங்கிவிட்டவன், அந்தச் சாய்வோடுதான் இதை எழுதுகிறேன்.

இக்னிஷனில் (பொறி உண்டாக்கும் அமைப்பில்) கைவைக்கும் முன் சில விஷயங்களை ஒதுக்கிவிடுங்கள். சோக்கை முழுதாக இழுத்து, ஆக்சலரேட்டரைத் தொடாமல் உதைக்க வேண்டும். திராட்டிலைத் திறந்தால் உறிஞ்சும் விசை குறைந்து சோக் வழியாக வரவேண்டிய கூடுதல் பெட்ரோல் வராது. சோக் பிளஞ்சரின் அடி ரப்பர் இறுகியிருந்தாலோ, அதன் ஜெட் அடைத்திருந்தாலோ இதே தொல்லைதான். கிராங்க் சீல் (கிராங்க் தண்டின் முனைகளில் காற்றும் ஆயிலும் புகாமல் தடுப்பது) போயிருந்தால் எந்த இக்னிஷனும் காப்பாற்றாது. இடப்பக்க சீல் போனால் காற்றை இழுக்கும், கலவை மெலிந்துவிடும். கிளட்ச் பக்கத்து சீல் போனால் கியர் ஆயிலைக் குடித்து வெள்ளைப் புகை கக்கும்.

இனி பொறி. பேட்டரியும் பாயிண்டும் சேர்ந்த அமைப்பில் பொறியின் பலம் கிக்கர் வேகத்தைப் பெரிதாகச் சார்ந்ததில்லை, பேட்டரியைச் சார்ந்தது. மெதுவாக உதைத்தாலும், பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் காயில் நிரம்ப நேரம் கிடைக்கும். பொறியும் சற்று நீண்டு எரியும். சரியாக ஆவியாகாத குளிர்ந்த கலவையைப் பற்றவைக்க அது உதவும். பேட்டரி இல்லாமல் தானே மின்சாரம் உண்டாக்கும் சிடிஐ செட்டில் கதை வேறு. கிராங்க் ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தொட்டால்தான் பலமான பொறி வரும், அரை மனதோடு உதைத்தால் ஒன்றும் நடக்காது. ஆனால் அதன் மின்னழுத்தம் மிக வேகமாக ஏறுவதால் ஆயிலில் நனைந்த பிளக்கிலும் பொறி தெறிக்கும். ஆயில் குடிக்கும் டூ-ஸ்ட்ரோக்குக்கு இது சின்ன விஷயம் இல்லை, இந்த இடத்தில் சிடிஐ-க்கே மார்க்.

அப்படியென்றால் பாயிண்ட் வண்டி காலையில் ஏன் மக்கர் செய்கிறது? பெரும்பாலும் வயரிங். நாற்பது வயது சாவி ஸ்விட்ச், கில் ஸ்விட்ச், பச்சை பூத்த கப்ளர் என்று ஒவ்வொன்றும் கொஞ்சம் வோல்ட்டைத் தின்கிறது. காயிலுக்குப் போகும் வோல்ட் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால், அதில் சேரும் ஆற்றல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். சோதிப்பது சுலபம். பாயிண்ட் மூடியிருக்கும் நிலையில் சாவியைப் போட்டு, பேட்டரி பாசிட்டிவுக்கும் காயிலின் சப்ளை முனைக்கும் இடையே மல்டிமீட்டரை வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ஸ்விட்சுகளைச் சுத்தம் செய்யுங்கள், அல்லது பேட்டரியிலிருந்து ஃபியூஸோடு ஒரு ரிலே போட்டுக் காயிலுக்கு நேராகக் கொடுங்கள். பார்த்ததும் சாவியை அணைத்துவிட வேண்டும், இல்லையென்றால் காயில் சூடேறும்.

அடுத்து, பாயிண்ட் திறக்கும் இடைவெளி: 0.3 முதல் 0.4 மி.மீ., நான் சொல்வது 0.35. முதலில் இதை வைத்து, பிறகுதான் பிளக் துளையில் டயல் கேஜ் (பிஸ்டன் இருக்கும் இடத்தை அளக்கும் கருவி) போட்டு டைமிங்கை, அதாவது பொறி வரும் தருணத்தை, ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இடைவெளி மாறினால் டைமிங்கும் மாறும். கேமில் உரசும் ஃபைபர் தேயத் தேய இடைவெளி சுருங்கி டைமிங் பின்தங்கும். சிலிண்டருக்கு ஒரு பாயிண்ட் என்பதால் இரண்டும் ஒரே அளவில் தேயாது. ஒரு சிலிண்டர் மட்டும் பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். 1,500 கி.மீ.க்கு ஒருமுறை பார்த்து, கேமைத் தொடும் ஃபெல்ட்டில் ஒரு சொட்டு ஆயில் விட்டால் போதும். இரண்டு சொட்டு விட்டால் அது பாயிண்ட் முகத்துக்குத் தெறிக்கும்.

பாயிண்ட் முகம் கருகி, திறக்கும்போது அங்கேயே பொறி பறந்தால், அதைத் தடுக்க வேண்டிய கண்டென்சர் போய்விட்டது என்று அர்த்தம். அலமாரியில் வருடக்கணக்கில் கிடந்த 'புது' கண்டென்சரை நம்பாதீர்கள். எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் 0.22 மைக்ரோஃபாரட், 630 வோல்ட் பாலிப்ரொப்பிலீன் கெபாசிட்டர் அதைவிட நன்றாக உழைக்கும். சூடும் அதிர்வும் படாத இடத்தில் கட்ட வேண்டும்.

என் முடிவுக்குக் காரணம் பராமரிப்பில் இருக்கும் ஒரே ஒரு விஷயம். இந்த வண்டியில் பாயிண்ட், கண்டென்சர், காயில் எல்லாம் இரண்டிரண்டு. ஒரு பக்கம் செத்தால் மறுபக்கத்தை வைத்தே நோயைக் கண்டுபிடிக்கலாம். இரண்டு காயில்களின் பிரைமரி வயரையும் பிளக் வயரையும் இடம் மாற்றிப் பாருங்கள். கோளாறு அடுத்த சிலிண்டருக்குத் தாவினால் காயில் கெட்டது. அதே சிலிண்டரில் நின்றால் பாயிண்ட், கண்டென்சர், பிளக் ஆகியவற்றில் ஒன்று. எதுவும் கையில் இல்லாவிட்டாலும் ஒற்றைச் சிலிண்டரில் ஊர்ந்தாவது வீடு வந்து சேரலாம். சிடிஐ-யில் இரண்டு சிலிண்டரும் ஒரே பெட்டியை நம்பியிருக்கும். அது போனால் முன்னறிவிப்பு இல்லாமல் இரண்டும் போகும், திறந்து பார்க்கவும் வழியில்லை. இந்த வண்டிக்கென்று செய்த நல்ல செட்டுகள் ஜெர்மனி, பெல்ஜியம் போன்ற இடங்களிலிருந்து வருபவை, உள்ளூர்க் கடையில் கேட்டதும் கிடைக்காது.

தினமும் ஓட்டுபவர், ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் தகட்டை) தொடவே விரும்பாதவர், பேட்டரி இல்லாமல் ரேஸ் ஓட்டுபவர் சிடிஐ-க்குப் போகலாம். டைமிங் ஒருமுறை வைத்தால் தேய்மானத்தில் நகராது என்பது உண்மையான சௌகரியம். பல மழைக்காலம் தாண்டிய செட்டை நான் கையாண்டதில்லை, அதனால் ஆயுளைப் பற்றி அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் இடப்பக்க கிராங்க் பேரிங் ஆடுவதால் பாயிண்ட் இடைவெளி வைத்த அளவில் நிற்கவில்லை என்றால், அதற்காக சிடிஐ மாட்டுவது நோயை மூடி வைப்பதுதான்.

நடுவழியும் உண்டு: பாயிண்டை வைத்துக்கொண்டே டிரான்சிஸ்டர் பெட்டி சேர்ப்பது. பாயிண்டில் ஓடும் மின்சாரம் குறைவதால் கருகாது, பெட்டி செத்தால் வயரை மாற்றிப் பழையபடி ஓட்டலாம். ஒரு குறை, அந்தக் குறைந்த மின்சாரம் ஆயில் படலத்தை எரித்துத் தள்ளாது; முகத்தை அவ்வப்போது துடைத்தே ஆக வேண்டும்.

சிடிஐ-தான் என்று முடிவெடுத்தாலும் கழற்றிய பாயிண்ட் பிளேட், கேம், காயில்களைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள். ஒரிஜினல் பாகங்களோடு வரும் ஆர்டி-யைத்தான் வாங்குகிறவர்கள் தேடுகிறார்கள்.