இரண்டரை டன் ஹேண்ட் பேலட் டிரக்: மளிகைக் கிடங்குக்கு ஏற்றதா?

மொத்த மளிகைக் கிடங்கில் அரிசி, பருப்பு மூட்டைகளை நகர்த்த நாங்கள் வாங்கிய, 2,500 கிலோ திறனுள்ள ஹேண்ட் பேலட் டிரக்கைப் பற்றிய, அதாவது பேலட் எனும் சரக்குத் தட்டைச் சுமையோடு தூக்கி இழுக்கும் கைவண்டியைப் பற்றிய, மதிப்பீடு இது. 50 கிலோ மூட்டைகள் 20 அடுக்கிய பேலட்டின் சுமை ஒரு டன். சமதரையாக இருந்தால், ஒரே ஆள் கைப்பிடியைச் சில முறை மேலும் கீழும் அடித்து அதைத் தூக்கி, லாரி நிற்கும் வாசல் வரை இழுத்துச் சென்றுவிடலாம்.

பேலட்டுக்கு அடியில் நுழையும் இரட்டைக் கரமான இதன் ஃபோர்க், இறங்கிய நிலையில் ஏறத்தாழ 85 மில்லிமீட்டர் உயரத்திலும், ஏறிய நிலையில் 200 மில்லிமீட்டர் உயரத்திலும் நிற்கும். எனவே இது சரக்கை நகர்த்தும் கருவியே தவிர, அடுக்கும் கருவி அன்று. விற்பவர்கள் இதைச் சொல்வதேயில்லை.

வாங்குபவர்கள் டன் கணக்கை விசாரிக்கும் அளவுக்குச் சக்கரத்தை விசாரிப்பதில்லை. என் கருத்தில் முதலில் பார்க்க வேண்டியது அதுதான். எங்களுக்கு வந்த வண்டியில் நைலான் சக்கரங்கள் இருந்தன. அவை பாரத்துடன் இலகுவாக உருண்டாலும், சிமெண்டுத் தரையின் இணைப்புகளில் கடகடவென்று அதிர்ந்தன. ஒரு சிறு ஜல்லி குறுக்கே கிடந்தாலும் வண்டி சட்டென்று நின்று, மேலடுக்கு மூட்டை சரிந்தது. பாலியூரித்தேன் சக்கரங்களுக்கு மாற்றிய பிறகு சத்தமும் தரைச் சேதமும் குறைந்தன, ஆனால் முழுப் பாரத்தை நகர்த்தத் தொடங்கும்போது கூடுதலாக இழுக்க வேண்டியிருக்கிறது. முன்புறம் இரட்டை உருளை உள்ள வண்டி இணைப்புகளை எளிதாகக் கடக்கும்.

பேலட்டின் அடிப்பாகத்தையும் கவனிக்க வேண்டும். ஃபோர்க் உயரும்போது அதன் நுனி உருளை கீழ்நோக்கி இறங்கித் தரையில் ஊன்றுகிறது. அந்த இடத்தில் அடிப்பலகை இருந்தால், தூக்கும் விசையே அதைப் பெயர்த்துவிடும்.

உயர்த்திய ஃபோர்க் தானாகத் தாழ்ந்தால் உடனே அதைத் தூக்கும் எண்ணெய் பம்ப் கெட்டுவிட்டதென்று முடிவுகட்ட வேண்டாம். சுமையில்லாமல், கைப்பிடியிலுள்ள நெம்புகோலை இறக்கும் நிலையில் பிடித்தபடி கைப்பிடியைப் பலமுறை அடித்தால், உள்ளே சிக்கிய காற்று வெளியேறும். அப்படியும் தாழ்ந்தால், எண்ணெய் கசியாமல் தடுக்கும் சீல் தேய்ந்திருக்க வாய்ப்புண்டு. சாதாரண வண்டிகளில் பிரேக் இருக்காது என்பதால், சரிவுப் பாதையில் பாரத்துக்குக் கீழ்ப்பக்கம் யாரும் நிற்கக் கூடாது.

ரேக்கில் ஏற்ற வேண்டியவர்களுக்கு இது பயன்படாது. குறைந்த உயரத்துக்குக் கையால் இயக்கும் ஸ்டாக்கரும் (சரக்கை உயரே தூக்கி அடுக்கும் வண்டி), அதற்கு மேல் பேட்டரி ஸ்டாக்கரும் பொருந்தும். ஃபோர்க்லிஃப்ட் வாங்க எண்ணுபவர்கள் விலைக்கு முன் ரேக்குகளுக்கு இடையிலான பாதையை அளந்துகொள்வது நல்லது: மூன்று டன் வண்டி பேலட்டுடன் திரும்ப ஏறக்குறைய நான்கு மீட்டர் அகலம் கேட்கும், ஃபோர்க்கை முன்னே நீட்டி எடுக்கும் ரீச் டிரக்குக்கு மூன்று மீட்டரை ஒட்டிய இடம் போதும். சரக்கு முழுவதும் தரையிலேயே இருக்கும் எங்களைப் போன்ற கிடங்குக்கு, பாலியூரித்தேன் சக்கரமும் இரு கரங்களும் சேர்ந்து 685 மில்லிமீட்டர் அகலமுள்ள ஃபோர்க்கும் கொண்ட கைவண்டியையே பரிந்துரைப்பேன். சீல் செட் உள்ளூரில் கிடைக்கிறதா என்று கேட்டுக்கொண்டு பணம் கட்டுங்கள்.