ரெசனேட்டர் கித்தாருக்குப் பிக்கப் மாட்டக் கொடுக்கப் போகிறீர்களா? முதலில் இதைப் படித்துவிடுங்கள்

மலேசியாவில் சுங்கை சிப்புட், கோலகங்சார், ஈப்போ பக்கம் கோவில் மேடைகளில் வாசிக்கும் நண்பர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கடையின் பெயரைப் போடவில்லை, விவகாரம் இன்னும் முடியவில்லை. ஆனால் நடந்ததை ஒன்று விடாமல் சொல்கிறேன், ஏனென்றால் இதே வேலையை இன்னொருவர் கித்தாரில் செய்துவிடக் கூடாது.

என் ரெசனேட்டர், தாய்மாமா சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை செய்த காலத்தில் ஓவர்டைம் காசு சேர்த்து வாங்கியது. அவர் போன பிறகு அத்தை என் கையில் கொடுத்தார். உடம்பு முழுக்க இரும்புத் தகடு, மேலே நிக்கல் பூச்சு, நடுவில் துளைபோட்ட மூடித்தட்டு, அதற்கு அடியில் ஏறக்குறைய 24 சென்டிமீட்டர் அகலத்தில் ஓர் அலுமினியக் கோன். கோனின் உச்சியில் வட்டமாக ஒரு சின்ன மரத்துண்டு இருக்கும், அதைப் பிஸ்கட் என்பார்கள். கம்பியின் அதிர்வு பிஸ்கட் வழியாகக் கோனுக்கு இறங்கி, கோன் அதிர்ந்துதான் சத்தம் வருகிறது. மின்சாரக் கித்தார் புழக்கத்துக்கு வராத 1920களில், கூட்டமாக வாசிக்கும்போது கித்தார் கேட்கவில்லை என்ற குறையைப் போக்க அமெரிக்காவில் ஜான் டோப்யேரா உருவாக்கிய கருவி வகை இது. வீட்டில் வாசித்தால் பக்கத்து வீடு வரை கேட்கும். கண்ணாடிக் குழாயை விரலில் மாட்டி இழுத்து வாசித்தால் கோட்டுவாத்தியத்துக்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், பக்திப் பாட்டுக்கு அவ்வளவு பொருத்தம். ஆனால் ஒரு பக்கம் உறுமி மேளம், இன்னொரு பக்கம் கீபோர்டு என்று இருக்கும் திருவிழா மேடையில் எவ்வளவு ஓங்கி வாசித்தாலும் எடுபடாது.

அதனால் தோட்டத்து மாரியம்மன் கோவில் ஆடித் திருவிழாவுக்கு மூன்று வாரம் முன்னால், கித்தாரின் அதிர்வை மின்சாரமாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் பிக்கப் ஒன்றை மாட்ட ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். ரெசனேட்டருக்கு இதற்கு முன்னால் பிக்கப் மாட்டியிருக்கிறீர்களா என்று கேட்டேன். "தம்பி, கித்தார்னா கித்தார்தான். இருபது வருஷமா இதத்தான் செய்யறேன், விட்டுட்டுப் போங்க" என்றார். ரெசனேட்டருக்கென்றே செய்த வெளிநாட்டுப் பிக்கப், கூலியோடு சேர்த்து 680 வெள்ளி (ரிங்கிட்) என்று ரசீது போட்டார். இந்த இடத்தில்தான் நான் விட்டுவிட்டேன். எந்த நிறுவனத்தின் பிக்கப், என்ன மாடல் என்று ரசீதில் எழுதி வாங்கவில்லை. ஃபிஷ்மன் மாதிரி நிறுவனங்கள் ரெசனேட்டருக்கென்று தனிப் பிக்கப் செய்வது எனக்குத் தெரியும், அதில் ஒன்றைத்தான் மாட்டுவார் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

பத்து நாள் கழித்துப் போனபோது கடையில் இருந்த சின்ன ஆம்பில் சொருகி, சத்தத்தைக் குறைவாக வைத்து வாசிக்கச் சொன்னார். நன்றாகத்தான் இருந்தது. காசைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

திருவிழா அன்று இரவு முதல் பாட்டிலேயே மானம் போனது. எல்லாக் கருவிகளின் சத்தத்தையும் கலக்கும் மிக்சரில் என் சேனலைக் கொஞ்சம் ஏற்றியதும் 'கூ'வென்று ஊளை. இறக்கினால் ஒன்றுமே கேட்கவில்லை. கேட்ட கொஞ்சமும் தகர டப்பாவைத் தட்டுவது போல, அடித்தொண்டையே இல்லாத சத்தம். சவுண்டுக்காரப் பையன் பாவம், என்னென்னவோ திருகிப் பார்த்தான். இரண்டாவது பாட்டோடு நான் இறங்கிவிட்டேன். அத்தை முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் கடைக்குப் போன் செய்தால், "அது ஒங்க சவுண்ட் சிஸ்டம் பிரச்சினை தம்பி, நம்ம வேலையில கொற இல்ல" என்றார். நேரில் போனபோதும் அதேதான். காசைத் திருப்பித் தர முடியாது, வேண்டுமானால் இன்னும் 200 வெள்ளிக்கு ஒரு பிரீஆம்ப் (பிக்கப்பின் சிக்னலை மிக்சருக்குப் போகும் முன் பெருக்கும் பெட்டி) வாங்கி வையுங்கள் என்றார்.

கோலாலம்பூரில் ரெசனேட்டர் வாசிக்கும் நண்பர் ஒருவரிடம் கொண்டுபோனேன். கம்பிகளைத் தளர்த்தி, மூடித்தட்டின் திருகுகளைக் கழற்றித் தட்டைத் தூக்கினார். இரண்டு பேருக்கும் கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை. கோனின் சரிவில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு நசுங்கல். எடுக்கும்போதோ வைக்கும்போதோ அழுத்தியிருக்கிறார்கள். அந்த அலுமினியம் அவ்வளவு மெல்லியது, விரலால் அழுத்தினாலே மடங்கிவிடும். பிஸ்கட்டைப் பிடிக்கும் திருகை முறுக்கு முறுக்கென்று முறுக்கியதில் மரம் விண்டிருந்தது. கோனைத் திருப்பினால், அடியில் இருபது காசு நாணயம் அளவுக்கு ஒரு பித்தளைத் தகடு, அதைச் சுற்றி மஞ்சளாக எபாக்சிப் பசை, புளியங்கொட்டை பருமனுக்கு இறுகிக் கிடந்தது. பாட்டுப் பாடும் பிறந்தநாள் வாழ்த்து அட்டைக்குள் இருக்குமே, அந்தப் பியசோ தகடு, அதிர்வை மின்சாரமாக்கும். சில வெள்ளிக்குக் கிடைக்கும். இதுதான் 680 வெள்ளி வெளிநாட்டுப் பிக்கப்.

ஊளை ஏன் வந்தது என்று நண்பர் விளக்கியபோதுதான் எனக்குப் புரிந்தது. கோனும் ஒரு ஸ்பீக்கர் மாதிரிதான். கம்பிக்கு மட்டும் அது அதிர்வதில்லை, வாசிப்பவர் கேட்க மேடையில் வைக்கும் மானிட்டர் ஸ்பீக்கரிலிருந்து வரும் சத்தம் பட்டாலும் அதிரும். அந்த அதிர்வைக் கோனிலேயே ஒட்டிய தகடு எடுத்து மறுபடி ஸ்பீக்கருக்கு அனுப்பும், அது இன்னும் ஓங்கித் திரும்பி வரும். கடையில் சின்ன ஆம்பில் குறைந்த சத்தத்தில் இது தெரியவே தெரியாது. தகர டப்பா சத்தத்துக்குக் காரணம் வேறு. பியசோவை நுழைவுத் தடை (இன்புட் இம்பீடன்ஸ்) குறைவான மிக்சர் லைனில் நேராகச் சொருகினால் அடிச்சத்தம் செத்துவிடும், குறைந்தது 1 மெகாஓம் நுழைவுத் தடை உள்ள பிரீஆம்ப் அல்லது டிஐ பாக்ஸ் (கருவியை மிக்சரோடு இணைக்கும் பெட்டி) நடுவில் வேண்டும். அப்படியானால் கடைக்காரர் பிரீஆம்ப் வாங்கச் சொன்னது ஒரு வகையில் சரிதான். ஆனால் மாட்டும்போதே சொல்லியிருக்க வேண்டியதை, கெடுத்த பிறகு கூடுதல் காசுக்குச் சொன்னார். பிரீஆம்ப் வைத்தாலும் ஊளையும் நிற்காது, நசுங்கிய கோனும் நிமிராது.

இப்போது அமெரிக்காவிலிருந்து புதுக் கோனும் பிஸ்கட்டும் வரவழைத்து மாட்டியாகிவிட்டது. தபால் செலவோடு 400 வெள்ளிக்கு மேல் போனது. மேடைக்கு நண்பர் சொன்ன வழிதான். கழுத்துப் பக்கம் ஒரு மெல்லிய காந்தப் பிக்கப், மூடித்தட்டிலிருந்து ஒரு சாண் தள்ளி, கொஞ்சம் சாய்த்து ஒரு எஸ்எம் 57 மைக். காந்தப் பிக்கப் கம்பியை மட்டும்தான் கேட்கும், கோனின் குரல் அதில் வராது, அதனால் தனியாகக் கேட்டால் சாதாரண மின்சாரக் கித்தார் மாதிரிதான் இருக்கும், ஆனால் சுலபத்தில் ஊளையிடாது. எனக்கான மானிட்டருக்கு அதை மட்டும் அனுப்பிவிட்டு, ஜனங்கள் கேட்கும் ஸ்பீக்கருக்கு மைக்கையும் கலந்து கொடுக்கிறோம். போன வாரம் ஒரு கல்யாண விருந்தில் வாசித்தேன், மாமா வாசித்த அதே மணிக்குரல் வந்தது.

யாரிடம் கொடுத்தாலும் பிக்கப்பின் பெயரையும் மாடலையும் ரசீதில் எழுதச் சொல்லுங்கள். கோனைக் கழற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள், விடமாட்டேன் என்றால் கித்தாரைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள். கோனில் எதையும் ஒட்ட விடாதீர்கள். மேடை அளவுக்குச் சத்தம் வைத்து, எதிரே மானிட்டரோடு சோதிக்காமல் முழுக் காசையும் கொடுக்காதீர்கள்.

நான் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு போட்டிருக்கிறேன், மலாயில் திரிபுனல் துந்துத்தான் பெங்குனா என்பார்கள். கட்டணம் 5 வெள்ளிதான், 50,000 வெள்ளி வரை கேட்கலாம், வழக்கறிஞர் தேவையில்லை, மூன்று வருஷத்துக்குள் போட வேண்டும். பழைய கோனைப் பசையும் தகடுமாக அப்படியே ஒரு டப்பாவில் வைத்திருக்கிறேன், ரசீதும் வாட்சாப் பேச்சும் அச்செடுத்தாயிற்று. விசாரணை அடுத்த மாதம். ஈப்போ பக்கம் இதே மாதிரி யாருக்காவது நடந்திருந்தால், கித்தாரைத் திறந்த கையோடு படம் எடுத்து எனக்குத் தனியாக அனுப்புங்கள். பசையை மட்டும் சுரண்டிவிடாதீர்கள்.