லங்காவியில போட் வேலைக்குக் குடுத்தவங்க உங்க சீகாக்க ஒரு தடவ சுரண்டிப் பாத்துடுங்க

சின்ன பாய்மரப் படகு வச்சிருக்கறவங்க, லங்காவியில கரையேத்தி வேலை பாக்கறவங்க இத முழுசா படிங்க. சீகாக்னா போட் உடம்புல தண்ணி போற வர்ற ஓட்டைய மூடித் திறக்கற வால்வு. அத வெண்கலம்னு பில் போட்டுட்டு பித்தளைய மாட்டி அனுப்பியிருக்காங்க, அதுவும் தண்ணி மட்டத்துக்குக் கீழ. பட்டறை பேர இங்க போடல, புகார் குடுத்திருக்கேன், அது முடியட்டும்.

என்னோடது 28 அடி ஃபைபர் போட். அடிப்பக்கம் பெயிண்ட் அடிக்க மேல ஏத்தினப்ப டாய்லெட், இன்ஜின் கூலிங், சிங்க் மூணு சீகாக்கும் திருப்பவே முடியாம டைட்டா இருந்துச்சு. பட்டறை தவுக்கே (முதலாளி) வந்து பாத்துட்டு மூணும் போச்சு, மரைன் பிரான்ஸ்ல, அதாவது கடலுக்குத் தாங்கற வெண்கலத்துல புதுசா போட்டுத் தர்றேன்னாரு, பில்லுலயும் அப்படியே எழுதிக் குடுத்தாரு. கழட்டின பழச கேட்டேன், தூக்கிப் போட்டாச்சாம். வெண்கலத்த பழைய இரும்புக் கடைல போட்டாலே நல்ல காசு, அத யாரு சும்மா தூக்கிப் போடுவா?

ரெண்டு வருஷம்கூட ஆகல. தாயாங் பூந்திங் பக்கம் நங்கூரம் போட்டிருந்தோம், மச்சான் டாய்லெட் வால்வ மூடப் போனாரு, ஹோஸ் மாட்டற கழுத்து அப்படியே ரஸ்க் மாதிரி உடைஞ்சு கையோட வந்துடுச்சு, வால்வும் பாதில சிக்கி மூட மாட்டேங்குது, தண்ணி பீச்சி அடிக்குது. ஒன்றரை இஞ்ச் ஓட்டை ஒரு அடி ஆழத்துல முழுசா திறந்துட்டா நிமிஷத்துக்கு சுமார் 100 லிட்டர் உள்ள வரும், நம்ம போட்டுங்கள்ல இருக்கற சின்ன பில்ஜ் பம்ப்பால (அடில தேங்கற தண்ணிய இறைக்கற பம்ப்) அத இறைச்சு வெளிய தள்ள முடியாது. ஒவ்வொரு சீகாக் பக்கத்துலயும் கூம்பு மரக்கட்டைய கயிறு போட்டுக் கட்டி வச்சிருந்ததால அடிச்சு இறுக்கி நிறுத்தினோம். தூக்கத்துல இருக்கறப்ப நடந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு நெனச்சா இப்பவும் வயித்த கலக்குது, புள்ளைங்க உள்ள படுத்திருந்தாங்க.

உடைஞ்ச எடத்த பாத்தா உள்ள முழுக்க ரோஸ் கலர். பித்தளைல 40 சதவீதம் வரைக்கும் துத்தநாகம்தான், உப்புத் தண்ணில அது கரைஞ்சு போயிடும், மிச்சம் நிக்கறது பஞ்சு மாதிரி செம்பு மட்டும், வெளிய பாக்க உருவம் மாறாது, பலம் சுத்தமா இருக்காது. மேல இருந்த நிக்கல் முலாமையும் அழுக்கையும் தேய்ச்சதும் உடம்புல CW617Nனு அச்சு தெரிஞ்சுது. அது வீட்டுக் குழாய்க்குப் போடற சாதாரண பித்தளை, எந்த ஹார்ட்வேர் கடைலயும் கெடைக்கும். பித்தளைலயே கடலுக்குத் தாங்கறது CW602N, சில கம்பெனி CRனு குத்தியிருப்பான். மத்த ரெண்ட கழட்டினா அதுலயும் அதே 617.

தவுக்கே என்ன சொன்னாரு தெரியுமா, உங்க போட்ல கரண்ட் லீக் ஆகுது, அதான் அரிச்சிடுச்சுன்னு. கரண்ட் லீக்னா அதே ஓட்டைல, வெளிய எந்நேரமும் கடல் தண்ணில நிக்கற பழைய வெண்கல ஸ்கின் ஃபிட்டிங் (வால்வ மாட்டற, போட் உடம்ப துளைச்சுப் போற குழாய்) மட்டும் எப்படி நல்லா இருக்கு? படகு சோதிக்கற சர்வேயர கூட்டிட்டு வந்து காட்டினேன், அவரும் கத்தியால சுரண்டிப் பாத்துட்டு சாதாரண பித்தளைதான்னு எழுதிக் குடுத்துட்டாரு. சரி அரிச்சது எதால வேணா இருக்கட்டும், பில்லுல வெண்கலம்னு இருக்கே, அதுக்கு பதில் சொல்லுங்கன்னேன், அதுக்கப்புறம் போனே எடுக்கல.

பயனீட்டாளர் தீர்ப்பாயத்துல 50,000 வெள்ளி வரைக்கும் கேக்கலாம், பதியறதுக்கு 5 வெள்ளிதான், வக்கீல் தேவையில்ல. பில், சர்வேயர் லெட்டர், உடைஞ்ச துண்டு எல்லாம் வச்சிருக்கேன். வால்வ கடலுக்குள்ள கழட்டாதீங்க, ஹோஸ் மாட்டற பக்கம் லேசா சுரண்டி கலர் பாருங்க, சிவப்பா ரோஸா இருந்தா கரையேத்தற வரைக்கும் போட்ட எங்கயும் எடுத்துட்டுப் போகாதீங்க. பளபளன்னு வெள்ளையா முலாம் பூசினது, கைப்பிடி துருப்பிடிக்குதுன்னாலே சந்தேகப்படுங்க. புதுசா போடறப்ப மாட்றதுக்கு முன்னாடி அச்சு நம்பர போட்டோ எடுத்துக்கங்க, கழட்டினத கையோட வாங்கிக்கங்க. உங்க வால்வுலயும் 617னு இருந்து பில்லுல வெண்கலம்னு இருந்தா எனக்கு மெசேஜ் பண்ணுங்க, அதே பட்டறையா இருந்தா விசாரணைக்கு சேந்தே போலாம்.