நைஸ்னா மக்காம்! ஒரு சொல் அகராதி ஆப் பத்தி

இங்கிலீஷ் வார்த்தை எங்கேர்ந்து வந்துச்சுன்னு சொல்ற ஆப் ஒண்ணு மூணு மாசமா யூஸ் பண்றேன், பேரு வேணாம், ஏன்னா கீழ கொஞ்சம் திட்டப்போறேன்.

மொதல்ல தேடுனது 'நைஸ்'. நாளைக்கு நாப்பது தடவ டைப் பண்றோம், இதுல என்ன பெருசா இருக்கப்போவுதுன்னு தட்டுனா, லத்தீன்ல 'நெஸ்கியஸ்'னு வருது, 'நெ'ன்னா இல்ல, 'ஸ்கிரெ'ன்னா அறியிறது, ஆக ஒண்ணும் தெரியாதவன்! சயின்ஸும் அதே 'ஸ்கிரெ'லேர்ந்துதான், ஒரே வயித்துல பொறந்து ஒண்ணு அறிவாளி ஒண்ணு மக்கு. பிரெஞ்சு வழியா 1300 வாக்குல இங்கிலீஷுக்குள்ள வந்தப்ப முட்டாள்னுதான் அர்த்தம், அப்புறம் கூச்சக்காரன், எல்லாத்துலயும் நொட்ட சொல்றவன், மெல்லிசு, நுணுக்கம்னு மாறி மாறி, 'நல்லாருக்கு'ங்கறது 18ஆம் நூற்றாண்டுலதான் ஊன்றிச்சு. ஒவ்வொரு படிக்கும் பழைய எழுத்துலேர்ந்து ஒரு வரி எடுத்துக் காட்டுறாங்க, அந்த ஒரு பக்கத்துக்கே காசு குடுக்கலாம்.

எனக்குப் பொறி தட்டுனது வேற எடத்துல. நாம 'நைஸா அரைச்சிருக்கு', 'துணி நைஸா இருக்கு'ங்கறோம்ல, அது நடுவுல வந்த அந்த மெல்லிசு, நுணுக்கத்துக்கு எவ்ளோ பக்கத்துல இருக்கு! 'நைஸா நழுவிட்டான்' மட்டும் நம்ம சொந்த சரக்குன்னு நெனைக்கிறேன்.

'சில்லி' இதுக்கு நேர் தலைகீழ், பாக்கியசாலியில ஆரம்பிச்சு அப்பாவியாகி கடைசில கிறுக்குல போய் நிக்குது.

சொதப்பல் எங்கன்னா 'ஓகே'. சாக்டாங்கற அமெரிக்கப் பழங்குடி மொழிலேர்ந்து வந்துச்சுன்னு அடிச்சு சொல்லுது. அது பழைய யூகம்ங்க. 'ஆல் கரெக்ட்'ட வேணும்னே தப்பா 'ஓல் கொரெக்ட்'னு எழுதி, அத 'ஓ.கே.'ன்னு சுருக்கி 1839 மார்ச் 23 அன்னைக்கு பாஸ்டன் பேப்பர் ஒண்ணுல போட்ட ஜோக்கு அது, ஆலன் வாக்கர் ரீட்னு ஒரு மொழி ஆராய்ச்சியாளர் 1960கள்லயே தோண்டி எடுத்துட்டாரு. ஜோக்கு வந்த அடுத்த வருஷம், 1840 எலெக்‌ஷன்ல அப்போதைய அமெரிக்க அதிபர் மார்ட்டின் வான் பியூரனோட பட்டப்பேரு 'ஓல்டு கிண்டர்ஹூக்'னு இருந்ததால அவரு ஆளுங்க அதே ரெண்டு எழுத்த கோஷமாக்கிட்டாங்க, மனுஷன் தோத்துட்டாரு, எழுத்து நின்னுடுச்சு. இவ்ளோ ருசியான கதைய விட்டுட்டு எதையோ போட்டு வச்சிருக்காங்க.

ஃபீட்பேக் அனுப்புனேன், 'நன்றி, பரிசீலிக்கிறோம்'னு பதில் வந்துச்சு, அதோட சரி. ஸ்பெல்லிங்ல ஒரு எழுத்து தப்புனாலும் வெறும் வெள்ளத் திரைதான். மூணு ஸ்டார் போட்டிருக்கேன், ஓகே பக்கத்தத் திருத்துனா நாலாக்குறேன்.